மருந்து யாருக்குப் போனது

ஐசியு வாசலில் காத்திருப்பவர்கள் அந்த டாக்டரம்மாவிடம் ஒரு முறைதான் ஆறுதல் கேட்பார்கள். இரண்டாவது முறை கேட்கத் துணிச்சல் வராது.

கண்ணாடிக் கதவைத் தள்ளிக்கொண்டு அவர் வெளியே வந்ததும் நாற்காலிகளில் இருந்தவர்கள் எழுந்து ஓடிவருவார்கள். "பொழச்சுடுவாரா மேடம்?" என்பதுதான் எல்லோருக்கும் முதல் கேள்வி. மற்ற டாக்டர்கள் "பாக்கலாம், நம்பிக்கையோட இருங்க" என்று சொல்லிக்கொண்டே லிப்டுப் பக்கம் போய்விடுவார்கள். இவர் போகமாட்டார். கேட்டவரின் முகத்தை நேராகப் பார்த்து, "எனக்குத் தெரியாது" என்பார். பிறகு தெரிந்ததையெல்லாம் சொல்வார். நேற்றைவிட இன்று ஆக்சிஜன் எவ்வளவு கூடத் தேவைப்படுகிறது, சிறுநீரகம் வேலை செய்கிறதா, எந்தப் பக்கத்து நுரையீரல் மோசம், எல்லாம். கேள்விகள் தீரும்வரை அங்கேயே நிற்பார். ஆனால் முதலில் சொன்னதை மட்டும் மாற்றமாட்டார்.

நர்ஸுகள் அவரைக் கல்லு என்பார்கள். நானும் கொஞ்ச காலம் அப்படித்தான் சொல்லிக்கொண்டிருந்தேன்.

எனக்கு அந்த ஆஸ்பத்திரியில் மூச்சுக் கருவிகளைப் பார்த்துக்கொள்ளும் வேலை. வென்டிலேட்டர், ஆக்சிஜன், நெபுலைசர் எல்லாம் என் பொறுப்பு. கோலார் தங்கவயலில் பிறந்தவன் நான். எங்கள் தெருவில் சுரங்கத்துக்குப் போய்வந்த ஆண்கள் எல்லோருக்கும் ஏதோ ஒரு வயதில் மூச்சு இழுக்கத் தொடங்கிவிடும். அந்தச் சத்தம் கேட்டே வளர்ந்ததால் இந்தப் படிப்புக்கு வந்தேன் என்று சொல்லலாம். முதலில் தினமும் ரயிலில் வந்து போனேன். பிறகு ஆஸ்டின் டவுனில் ஒரு அறை பார்த்துக்கொண்டேன்.

சேர்ந்த புதிதில் ஒரு பெரியவருக்கு மூச்சு நன்றாகத் தேறிக்கொண்டிருந்தது. வெளியே நின்ற மகனிடம், "நாளைக்கு ட்யூப எடுத்துடுவாங்க சார்" என்று சொல்லிவிட்டேன். அவர் உடனே ஊருக்குப் போன் போட்டார். டாக்டரம்மா பின்னாலேயே வந்தார்.

"நாளைக்குன்னு உனக்கு யாரு சொன்னா?"

"எல்லாம் நல்லா இருக்கே மேடம், அதான்..."

"நல்லா இருக்குன்னு சொல்லு. நாளைக்குன்னு சொல்லாதே. போய் மாத்திச் சொல்லிட்டு வா."

போய் மாற்றிச் சொன்னேன். அந்த மகனின் முகம் விழுந்தது. ஆனால் மறுநாளே தொண்டையில் போட்டிருந்த ட்யூபை எடுத்தோம். நான் சிரித்துக்கொண்டே டாக்டரம்மாவைப் பார்த்தேன். அவர் கையுறையைக் கழற்றிக்கொண்டே, "நீ சொன்னதுனால எடுக்கலைப்பா" என்றார். அவ்வளவுதான் பேச்சு.

மல்லேஸ்வரத்தில் பழைய தமிழ்க் குடும்பம் அவருடையது. தாத்தா காலத்தில் மைசூர் அரசாங்க உத்தியோகம். அவருடைய தமிழில் கன்னடம் தடையில்லாமல் வந்து கலக்கும். மதியச் சாப்பாட்டை நின்றுகொண்டே சாப்பிடுவார். கேன்டீனில் யாராவது, "மழை வருமா மேடம்?" என்று கேட்டால்கூட, "தெரியாது, குடைய எடுத்துட்டுப் போ" என்பார். மகள் பரீட்சை எழுதியிருந்த சமயம் ஒரு நர்ஸ், "பாஸாயிடுவா இல்ல மேடம்?" என்று கேட்டாள். "எழுதியிருக்கா. அவ்ளோதான் எனக்குத் தெரியும்" என்றார். அந்த நர்ஸ் திரும்பி வந்து எங்களிடம், பெற்ற பெண்ணுக்குக்கூட ஒரு நல்ல வார்த்தை வரவில்லை என்று சொல்லிச் சொல்லி மாய்ந்தாள்.

இப்போது அவர் அந்த ஆஸ்பத்திரியில் இல்லை. வேறு ஊருக்குப் போய்விட்டார். நானும் வேறு இடத்தில் இருக்கிறேன். ஆனால் ஏழுமலை, ஸ்டீபன் இருவரும் வந்த அந்த நாட்களை நினைக்காமல் அவரை நினைக்க என்னால் முடிவதில்லை.

பொம்மசந்திராவில் ஒரு தொழிற்சாலையில் தண்ணீர் சுத்தம் செய்யும் கூடத்தில் குளோரின் கசிந்து, அவர்கள் இரண்டு பேரையும் கொண்டு வந்தார்கள். இருவரும் நீலசந்திராக்காரர்கள். அடுத்தடுத்த சந்து, ஒரே ஷிப்ட், ஒரே பைக்கில் வேலைக்குப் போவார்கள். ஏழுமலையை ஸ்டீபன் அண்ணன் என்றுதான் கூப்பிடுவான். வந்தபோது இருமிக்கொண்டும் கண்ணைக் கசக்கிக்கொண்டும் இருந்தார்களே தவிர, பேசினார்கள். குளோரின் அப்படித்தான் ஏமாற்றும். உள்ளே போனதும் நுரையீரலின் ஈரத்தோடு சேர்ந்து அரிக்கத் தொடங்கும். பிறகு அந்த இடம் முழுவதும் வீங்கும். காற்று நிற்க வேண்டிய பைகளில் நீர் கோத்துக்கொள்ளும். மறுநாள் பொழுது சாய்வதற்குள் இருவரையும் வென்டிலேட்டரில் போட வேண்டியதாயிற்று.

அந்தச் சமயத்தில் எங்கள் ஆஸ்பத்திரியும், வேறு பல ஊர்களின் ஆஸ்பத்திரிகளும் சேர்ந்து ஒரு மருந்தைச் சோதித்துக்கொண்டிருந்தன. நுரையீரல் வீக்கத்தை அடக்கும் மருந்து. ஊசியில் ஏற்றினால் உடம்பெல்லாம் சுற்றிவிட்டு மிச்சம்தான் நுரையீரலுக்குச் சேரும். பனித்துளி மாதிரி ஆக்கி மூச்சோடு அனுப்பினால் நேராக வீங்கின இடத்திலேயே விழும் என்பது யோசனை. கேட்க அழகாக இருக்கும். டாக்டரம்மாதான் எங்கள் இடத்தில் அதற்குப் பொறுப்பு. ஆனால் அவரே ஒரு நாள் என்னிடம் கேட்டார்: "வீங்கி அடைச்சுப் போன எடத்துக்குக் காத்தே போகல. காத்து போகாத எடத்துக்கு மருந்து மட்டும் எப்படிப் போகும்? சொல்லு." நான் கையிலிருந்த நெபுலைசரைத் திருப்பிப் பார்த்தேன். "எனக்கும் தெரியல. அதுக்குத்தான் பாக்கறோம்" என்றார்.

ஏழுமலையின் மனைவி கலாவும், ஸ்டீபனின் மனைவி ரீட்டாவும் வாசலில் ஒரே போர்வையைப் போர்த்திக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். டாக்டரம்மா ஒரு நாற்காலியை இழுத்துப்போட்டு அவர்களுக்கு எதிரே உட்கார்ந்தார்.

"பாதிப் பேருக்கு அந்த மருந்து போகும். பாதிப் பேருக்கு வெறும் உப்புத் தண்ணி. யாருக்கு எதுன்னு கம்ப்யூட்டர் தீர்மானிக்கும். பாக்க ரெண்டும் ஒரே மாதிரி இருக்கும். எனக்கும் தெரியாது, இவனுக்கும் தெரியாது" என்று என்னைக் காட்டினார்.

கலா முகத்தைச் சுளித்தாள். "இன்னா மேடம் இது? ஒருத்தருக்கு மருந்து, ஒருத்தருக்குத் தண்ணியா? எங்க ஊட்டுக்காரு உசுருக்குப் போராடினு இருக்காரு."

"நல்ல மருந்துன்னு தெரிஞ்சா எல்லாருக்கும் குடுத்துடுவேன் கலா. நல்லது செய்யுமான்னு தெரியல. கெடுதல் செய்யுமான்னும் தெரியல. வேண்டாம்னு சொன்னாலும் மத்த வைத்தியத்துல ஒண்ணும் கொறையாது."

ரீட்டா உடனே சம்மதித்தாள். கலா போர்வையை இழுத்துப் போர்த்திக்கொண்டு கண்ணாடிக் கதவைப் பார்த்தாள். கடைசியில், "ரெண்டு பேரும் ஒண்ணாத்தான் போனாங்க. ஒண்ணாவே வரட்டும்" என்று அவளும் கையெழுத்துப் போட்டாள்.

மருந்துக் கிடங்கிலிருந்து குப்பிகள் வரும். வென்டிலேட்டர் குழாயில் மருந்தைப் பனியாக்கும் நெபுலைசரைப் பொருத்தி, குப்பியில் இருப்பதை ஊற்றி, பனி போகிறதா என்று பார்ப்பது என் வேலை. ஊற்றும்போதெல்லாம் குப்பியை வெளிச்சத்தில் பிடித்துப் பார்ப்பேன். ஏதாவது நிறம் தெரிகிறதா, நுரை வருகிறதா என்று. டாக்டரம்மா ஒரு முறை அதைப் பார்த்துவிட்டார். "ஊகம் பண்ணாதே. ஊகம் பண்ணினா உன் கை அதுக்கேத்த மாதிரி வேலை செய்யும்" என்றார். எனக்குக் கோபம் வந்தது. ஆனால் அதற்குப் பிறகு குப்பியைத் தூக்கிப் பார்க்கவில்லை.

இரண்டு மூன்று நாளில் ஸ்டீபனின் ஆக்சிஜன் எண்கள் ஏறத் தொடங்கின. ஏழுமலையின் எண்கள் இறங்கின.

ஒரு மதியம் ஏழுமலையின் வென்டிலேட்டர் அலறியது. நான் ஓடியபோது அழுத்தம் ஏறிக்கொண்டே போனது. மார்பு மேலே எழும்பி நின்றுவிட்டது, இறங்கவில்லை. ஆக்சிஜன் எண் கண் முன்னாலேயே சரிந்தது. நுரையீரல் வெடித்துக் காற்று வெளியே கசிகிறது என்று இளம் டாக்டர் ஒருவர் முடிவு கட்டிவிட்டார். அந்தக் காற்றை வெளியேற்ற, மார்பில் குத்த ஊசியை எடுத்துவிட்டார்.

"ஸ்வல்ப தாளி!"

டாக்டரம்மாவின் குரல் அவ்வளவு உயர்ந்து அதற்கு முன் நான் கேட்டதில்லை. கொஞ்சம் பொறு என்று கன்னடத்தில் சொன்ன அதே மூச்சில், ஏழுமலையின் தொண்டைக் குழாயிலிருந்து வென்டிலேட்டரைக் கழற்றிவிட்டார். உள்ளே அடைபட்டிருந்த காற்று நீளமாக, சைக்கிள் டியூபின் வால்வைப் பிடுங்கிய மாதிரி வெளியே வந்தது. மார்பு இறங்கியது.

"கையால அடி" என்றார் என்னிடம்.

நான் பலூன் பையை மாட்டி அழுத்தத் தொடங்கினேன். அவர் வெளிமூச்சுக் குழாயின் வடிகட்டியைக் கழற்றினார். நனைந்து சொதசொதவென்று இருந்தது. நாங்கள் அனுப்பிய பனியின் ஈரமெல்லாம் அதில் தங்கி, வெளியே போகிற வழியை அடைத்திருந்தது. அன்று காலைதான் மாற்றியது. இவ்வளவு சீக்கிரம் அடைக்கும் என்று யாரும் எதிர்பார்க்கவில்லை. புது வடிகட்டி போட்டு இயந்திரத்தை மாட்டியபோது எண் மெதுவாக ஏறியது. இளம் டாக்டரின் கையில் ஊசி அப்படியே இருந்தது.

இனி ஒவ்வொரு முறை மருந்து போனதும் வடிகட்டியை மாற்ற வேண்டும் என்று சொல்லிவிட்டு, டாக்டரம்மா நேராக வாசலுக்குப் போனார். "மேடம், இப்ப சரியாயிடுச்சே. அவங்ககிட்ட எதுக்கு?" என்று பின்னாலேயே போனேன். அவர் நிற்கவில்லை.

நடந்ததை ஒன்று விடாமல் கலாவிடம் சொன்னார். கொஞ்ச நேரம் உயிருக்கே ஆபத்தாக இருந்தது என்பதையும் சொன்னார்.

கலா எழுந்து நின்றாள். "இதுக்கா நான் கையெழுத்துப் போட்டேன்?"

"நாங்க அனுப்பின பனியோட ஈரத்துலதான் அடைச்சுது கலா. நிறுத்தணும்னா சொல்லுங்க, இப்பவே நிறுத்திடறேன்."

"நிறுத்தினா பொழச்சுப்பாரா?"

"தெரியாது."

"இன்னா கேட்டாலும் தெரியாது தெரியாதுன்றீங்களே, நீங்க இன்னாத்துக்கு டாக்டரு?" கலா கத்தியதில் வராந்தாவே திரும்பிப் பார்த்தது. டாக்டரம்மா அசையவில்லை. கத்தி ஓய்ந்ததும் கலாவே, "நிறுத்தாதீங்க. ஒருவேள அதுதான் மருந்தா இருந்தா?" என்றாள்.

ஸ்டீபனுக்குத் தொண்டைக் குழாயை எடுத்த அன்று பிரச்சினை முற்றியது. அவன் கரகரத்த குரலில் ரீட்டாவிடம் பேசியதைக் கண்ணாடி வழியாகக் கலா பார்த்தாள். ரீட்டாவைக் கட்டிப்பிடித்து அழுதாள். பிறகு கண்ணைத் துடைத்துக்கொண்டு எங்களிடம் வந்தாள்.

"அவனுக்குக் குடுத்தத இவருக்கும் குடுங்க."

அவளுக்குப் பின்னால் அவளுடைய அண்ணனும், ஏரியா ஆட்களும் கூட்டமாக வந்து நின்றார்கள். "ஏழை பாழைன்னா தண்ணி ஊத்துவீங்களா?" என்று ஒருவர் கதவை அடித்தார். செக்யூரிட்டி ஓடிவந்தான். மேல்மாடியிலிருந்து ஆஸ்பத்திரி நிர்வாகத்துப் பெரியவர் ஒருவர் இறங்கி வந்து டாக்டரம்மாவைத் தனியே அழைத்தார். யாருக்கு எது போகிறது என்று அவசரத்துக்குச் சோதனையை நடத்துபவர்களிடம் கேட்டுத் தெரிந்துகொள்ள வழி உண்டு. கேட்டுவிடுங்கள், கூட்டம் கலையட்டும் என்றார்.

"தெரிஞ்சா வைத்தியம் மாறுமா சார்? மாறாது. தண்ணின்னு தெரிஞ்சா மருந்தக் குடுன்னு கேப்பாங்க. அது நல்லதான்னே தெரியாத மருந்து. ஸ்டீபன் அதனாலதான் எழுந்தான்னு யாரு சொன்னா?"

"அவங்க சமாதானத்துக்குக் குடுங்களேன்."

"உயிர் ஏழுமலையோடதுதானே சார். என் சமாதானத்துக்கும் அவங்க சமாதானத்துக்கும் எப்படிக் குடுக்கறது?"

அவர் திரும்பி வந்தபோது கலா காலில் விழுந்துவிட்டாள். தூக்கிவிடுவார் என்று நினைத்தேன். டாக்டரம்மா தூக்கவில்லை. அந்த வராந்தாவில், அத்தனை பேருக்கு நடுவில், அவரும் தரையில் உட்கார்ந்தார். கலாவின் கை அவர் புடவைத் தலைப்பைப் பிடித்திருந்தது. கூட்டத்துக்கு என்ன செய்வது என்று புரியவில்லை. கொஞ்சம் கொஞ்சமாகச் சத்தம் அடங்கியது.

இரண்டு நாள் கழித்து, காலை ரவுண்ட்ஸ் நடந்துகொண்டிருந்தபோது ஏழுமலை இறந்துபோனார்.

டாக்டரம்மாதான் போய்ச் சொன்னார். கலா அழவில்லை. "உங்க கையில இருந்துச்சு. குடுக்கல" என்றாள்.

அன்று மதியம் நான்தான் பொறுக்க முடியாமல் கேட்டேன். அவர் வழக்கம்போல் கேன்டீன் ஜன்னலோரம் நின்றுகொண்டிருந்தார். சாப்பாட்டு டப்பாவைத் திறக்கவே இல்லை.

"ஒரு பொய் சொல்லியிருக்கலாமே மேடம். இவருக்கும் மருந்துதாம்மா போகுதுன்னு. அந்தம்மா நிம்மதியா இருந்திருப்பாங்க."

அவர் ஜன்னலை விட்டுக் கண்ணை எடுக்காமல் பேசினார். "கோவிட் ரெண்டாவது அலையில ஒரு ஊசி இருந்தது. கெடைக்கவே கெடைக்காது. ஒருத்தரோட பையன் என்கிட்ட அட்மிட் ஆகியிருந்தான். சின்ன வயசு. அந்த அப்பா கேட்டாரு, அது கெடைச்சா பொழைப்பானான்னு. பொழைப்பான், எப்படியாவது வாங்கிட்டு வாங்கன்னு சொன்னேன். எல்லாரும் அப்படித்தான் சொல்லிண்டிருந்தோம். அவரு ஊரெல்லாம் சுத்தினாரு. மகன் கடைசியா கண்ணத் தெறந்து அப்பா எங்கேன்னு கேட்டப்போ அவரு எங்கேயோ ஒரு கடை வாசல்ல வரிசைல நின்னுண்டிருந்தாரு. கையில ஊசியோட வந்தப்போ பையன் இல்ல." திறக்காத டப்பாவை ஜன்னல் விளிம்பில் வைத்தார். "அந்த ஊசியால பெருசா ஒண்ணும் ஆகாதுன்னு அப்புறம் தெரிஞ்சது. அன்னிக்கு எனக்குத் தெரியாதுன்னு சொல்லியிருந்தா அந்த மனுஷன் பையன் பக்கத்துல இருந்திருப்பாரு."

டப்பாவைப் பைக்குள் வைத்துக்கொண்டு வார்டுக்குப் போய்விட்டார். அதன்பிறகு நான் அவரைக் கல்லு என்று சொல்லவில்லை. பிடித்துப்போனது என்றும் சொல்ல முடியாது. அவர் பக்கத்தில் நின்றால் எப்போதும் ஒரு பயம் இருக்கும், தெரியாத ஒன்றைத் தெரிந்த மாதிரி நம் வாய் சொல்லிவிடுமோ என்று.

ஒரு வருடத்துக்கு மேல் ஆகியிருக்கும். சோதனை முடிந்து, எல்லா ஊர்க் கணக்கும் சேர்த்துப் பார்த்தார்கள். மருந்து பெற்றவர்களுக்கும் உப்புத் தண்ணீர் பெற்றவர்களுக்கும் பிழைத்த கணக்கில் சொல்லும்படியான வித்தியாசம் இல்லை. யாருக்கு எது போனது என்பதும் அப்போதுதான் எங்களுக்குத் தெரிந்தது. கேட்கும் குடும்பங்களுக்குச் சொல்லலாம் என்றார்கள். கலா கேட்கவில்லை. டாக்டரம்மா போன் செய்து, தெரிந்துகொள்ள வேண்டுமா என்று அவளிடம் கேட்டார். "நேர்ல வந்து சொல்லுங்க" என்று போனை வைத்துவிட்டாளாம்.

"நீ அங்கதானே பக்கத்துல இருக்கே, வழி காட்டறியா?" என்று என்னைக் கேட்டார். ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை நீலசந்திரா பஸ் நிறுத்தத்திலிருந்து நடந்தோம். கறிக்கடைகளில் கூட்டம். சந்து முனையில் ஒரு முறை நின்று, "இது செய்ய வேண்டிய காரியம்தானான்னு..." என்று தொடங்கி, முடிக்காமல் நடந்தார்.

ஒற்றை அறை. தையல் மிஷினில் பாதி தைத்த ரவிக்கை. கலா ஸ்டூலைத் துடைத்துப் போட்டாள். தண்ணீர் கொடுத்தாள். டாக்டரம்மா குடித்துவிட்டுத் தம்ளரைக் கீழே வைத்தார்.

"ஏழுமலைக்குப் போனது மருந்து, கலா. ஸ்டீபனுக்குப் போனது உப்புத் தண்ணி."

கலா மிஷின் சக்கரத்தின் மேல் கையை வைத்தாள்.

"அவருக்கா? அவருக்கா குடுத்தீங்க?"

"ஆமா."

"அப்போ... அந்த மருந்துதான் அவர கொன்னுச்சா?"

இந்தக் கேள்வி வரும் என்று எனக்குத் தெரிந்திருந்தது. இல்லை என்று ஒரே வார்த்தையில் சொல்லிவிட வேண்டும் என்று மனதுக்குள் வேண்டிக்கொண்டிருந்தேன்.

"நான் அப்படி நெனைக்கல. அந்த மருந்து போனவங்க கூடுதலா சாகல. ஆனா ஏழுமலை ஒருத்தருக்கு என்ன பண்ணிச்சுன்னு சத்தியம் பண்ணி என்னால சொல்ல முடியாது. அன்னிக்கு வடிகட்டி அடைச்சதுல அவருக்கு எவ்வளவு கெடுதல் ஆச்சுன்னும் சொல்ல முடியாது. நீங்க என்னைத் திட்டலாம்."

கலா திட்டவில்லை. வெளியே சந்தில் யாரோ பைக்கை உதைத்துக் கிளப்பிக்கொண்டு போனார்கள். கலா மிஷினில் கிடந்த ரவிக்கையை எடுத்து மடித்தாள்.

"ஒரு வருஷமா தெனம் ஒங்கள சபிச்சினு இருந்தேன்" என்றாள் கடைசியில். "தண்ணிய ஊத்திக் கொன்னுட்டாங்கன்னு. ஒங்கள மட்டுமில்ல. அவனையும்." பிறகு சட்டென்று நிமிர்ந்தாள். "ஸ்டீபனுக்குச் சொல்லிட்டீங்களா?"

"இன்னும் இல்ல. உங்ககிட்ட சொல்லாம அவர்கிட்ட போகக் கூடாதுன்னு வந்தேன்."

"என்னப் பாத்தா அந்தப் பக்கம் திரும்பினு போறான் மேடம். பதினாறாம் நாள் காரியத்துக்கு வந்தவன், அதுக்கப்புறம் ஊட்டு வாசப்படி ஏறல. ரீட்டா மட்டும் வருவா. ஏன்டீ வரலன்னு கேட்டா, அண்ணனுக்குச் சேர வேண்டிய மருந்த நான் எடுத்துக்கினேன்னு சொல்லி அழுவுறான்னு சொன்னா. நானும் ஆமான்னுதான் நெனச்சேன். வராட்டி போறான்னு உட்டுட்டேன்." எழுந்து முந்தானையை இழுத்துச் செருகினாள். "வாங்க. நானே சொல்றேன்."

அடுத்த சந்துதான். ஸ்டீபன் வீட்டு வாசலில் உட்கார்ந்து பையனின் ஷூவுக்குப் பாலிஷ் போட்டுக்கொண்டிருந்தான். இப்போது அவனால் பழைய வேலைக்குப் போக முடியாது. மாடி ஏறினால் மூச்சு வாங்கும். ஒரு பேக்கரியில் கல்லாவில் உட்காருகிறான். கலாவைக் கண்டதும் எழுந்து உள்ளே போகப் பார்த்தான்.

"ஸ்டீபா, நில்லு."

நின்றான். கையில் பிரஷ்.

"ஒனக்குக் குடுத்தது வெறும் உப்புத் தண்ணியாம். மருந்து அவருக்குத்தான் போச்சாம். டாக்டரம்மாவே வந்து சொல்றாங்க. கேட்டுக்கோ."

அவன் எங்களைப் பார்த்தான். டாக்டரம்மா தலையசைத்தார். பிரஷ் கையிலிருந்து விழுந்தது. அவன் அப்படியே வாசற்படியில் உட்கார்ந்து, வாயைப் பொத்திக்கொண்டு அழுதான். அழுகையோடு இருமலும் வந்து மூச்சு முட்டியது. நான் முன்னால் போனேன். டாக்டரம்மா என் கையைப் பிடித்து நிறுத்தினார். கலா அவன் பக்கத்தில் உட்கார்ந்து முதுகைத் தடவிக்கொண்டிருந்தாள்.

"நீ எதையும் எடுத்துக்கல. புரியுதா? எடுத்துக்கல." அவன் மூச்சு நிதானப்படும்வரை தடவினாள். பிறகு குரலைத் தாழ்த்திக்கொண்டாள். "ஆஸ்பத்திரில இன்னாச்சுன்னு எல்லாரும் எனக்குச் சொல்லிட்டாங்க ஸ்டீபா. அதுக்கு முன்னால, கேஸ் கசிஞ்ச அந்த ரூமுக்குள்ள இன்னா நடந்துச்சு? ஒங்க ரெண்டு பேரத் தவிர அங்க யாரும் இல்ல. அத யாருகிட்ட போய்க் கேப்பேன் நானு?"

ஸ்டீபன் கண்ணைத் துடைத்தான். ரீட்டா கதவருகே வந்து நின்றாள். டாக்டரம்மா என்னைத் தொட்டு, போகலாம் என்று சைகை செய்தார். நாங்கள் திரும்பி நடந்தோம். ஆனால் சந்து குறுகலானது. அவன் சொல்லத் தொடங்கியது முதுகுக்குப் பின்னால் தெளிவாகக் கேட்டது.

"வால்வு பக்கத்துல நான்தான் அண்ணி மொதல்ல உழுந்தேன். அண்ணன் கதவாண்ட இருந்தாரு. வெளிய போயிருக்கலாம். போவல. உள்ள வந்தாரு..."